பதவி எனும் அமானிதம்: காயிதே மில்லத் அவர்களின் பொதுவாழ்வு



புகழனைத்தும் ஏக இறைவனுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் என்றென்றும் நிலவட்டுமாக.

தேர்தல் நெருங்கும் காலங்களில் நம் சமுதாயத்தில் இருவகைப் பேச்சுகளைக் கேட்கிறோம். அரசியல் என்பது சாக்கடை, மார்க்கப் பற்றுள்ளவன் அதில் கால் வைக்கலாகாது என்பது ஒன்று. எந்தக் கட்சியானாலும் சரி, நம்மவர் ஒருவர் பதவிக்கு வந்தால் போதும் என்பது மற்றொன்று. முதலாமவர் பொறுப்பைக் கைவிடுகிறார். இரண்டாமவர் பொறுப்பு என்பதன் பொருளையே கைவிடுகிறார். இரண்டுக்கும் இடையில் ஒரு வழி உண்டா? அவ்வழியில் நடந்து காட்டியவர் எவரேனும் நம் மண்ணில் உண்டா? நம் வீட்டுப் பிள்ளைகள் இக்கேள்வியைக் கேட்டால் நாம் சொல்ல வேண்டிய முதற்பெயர், கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாகிப் அவர்களின் பெயரேயாகும்.

அப்பெயர் நமக்குப் புதிதன்று. கல்லூரிக்கும் தெருவுக்கும் மண்டபத்துக்கும் அப்பெயரைச் சூட்டியிருக்கிறோம். ஒரு காலத்தில் நாகப்பட்டினம் மாவட்டமே அப்பெயரைத் தாங்கியிருந்தது. ஆயினும் சபையில் அவர் செய்தது என்ன, எதைக் கேட்டார், எதில் தோற்றார், தோற்றபின் என்ன செய்தார் என்பவற்றைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்பவர் குறைந்துவருகின்றனர். அக்குறையைச் சிறிதளவேனும் நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இளமையும் தொடக்கமும்

1896-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள் திருநெல்வேலிப் பேட்டையில் மௌலவி மியாகான் ராவுத்தர் அவர்களின் மகனாக இஸ்மாயில் சாகிப் பிறந்தார். தந்தையாரை இளமையிலேயே இழந்தார். பதின்மூன்று வயதில், 1909-இல், தம் ஊர் இளைஞர்களைச் சேர்த்து இளைஞர் சங்கம் ஒன்றை அமைத்தார். திருச்சி புனித வளனார் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றார். 1920-இல் ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பு எழுந்தபோது, பட்டத் தேர்வை எழுதாமலே கல்லூரியைவிட்டு வெளியேறினார். பின்னர்த் தோல் வணிகத்தில் ஈடுபட்டார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாழ்வதற்கு வழியில்லாமல் அரசியலைத் தொழிலாக்கிக்கொண்டவர் அல்லர் அவர். தமக்கென ஒரு வணிகமும் வருவாயும் உள்ள நிலையில்தான் பொதுவாழ்வுக்கு வந்தார். 1945-இல் சென்னை மாகாண முஸ்லிம் லீகின் தலைமைப் பொறுப்பு அவரிடம் வந்தபோது அவருக்கு வயது ஏறக்குறைய ஐம்பது.

எதிர்க்கட்சித் தலைவர்

அக்காலத்துத் தேர்தல் முறையை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்கியாக வேண்டும். 1909-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்திலிருந்து முஸ்லிம்களுக்குத் தனி வாக்காளர் தொகுதி முறை இருந்தது. முஸ்லிம்களுக்கென்று ஒதுக்கப்பட்ட இடங்களில் முஸ்லிம்கள் மட்டுமே வாக்களிப்பர். எல்லாருக்கும் வாக்குரிமையும் இல்லை. சொத்து, வரி, கல்வி முதலிய தகுதிகள் உள்ளோருக்கே வாக்கு இருந்தது. அன்றைய சென்னை மாகாணம், தமிழ்நாட்டோடு ஆந்திரத்தின் பெரும்பகுதியையும் மலபாரையும் தென் கன்னடத்தையும் உள்ளடக்கிய பெருநிலம்.

1946-இல் நடந்த தேர்தலில் 215 இடங்கள் கொண்ட சென்னைச் சட்டமன்றத்தில் காங்கிரஸ் பெரும்பான்மை பெற்றது. முஸ்லிம் லீக் 28 இடங்களைப் பெற்று இரண்டாவது கட்சியாயிற்று. இஸ்மாயில் சாகிப் எதிர்க்கட்சித் தலைவரானார். பிரகாசம், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார், குமாரசாமி ராஜா என மூன்று பிரதமர்கள் மாறிய அந்தக் காலம் முழுவதும், 1952 வரை, எதிர்வரிசையின் முதல் இருக்கையில் அவரே அமர்ந்திருந்தார். (மாகாண முதலமைச்சரைப் பிரதமர் என்றே அக்காலத்தில் அழைத்தனர்.)

இருபத்தெட்டுப் பேரை வைத்துக்கொண்டு எந்த வாக்கெடுப்பிலும் வெல்ல இயலாது. இதை அறிந்தே அவர் சபைக்குச் சென்றார். வெல்ல முடியாதவனுக்குச் சபையில் என்ன வேலை என்று நம் இளைஞர் கேட்கக்கூடும். அவருடைய பொதுவாழ்வு முழுவதும் இந்த வினாவுக்கான விடையாகவே அமைந்தது.

1948, மார்ச் 10

1947 ஆகஸ்டில் நாடு விடுதலை பெற்றது, பிரிவினையும் வந்தது. வடக்கில் இரத்த ஆறு ஓடியது. இலட்சக்கணக்கானோர் வீடிழந்தனர். லீகின் பெருந்தலைவர்கள் பாகிஸ்தான் சென்றுவிட்டனர். அவ்வாண்டு டிசம்பரில் கராச்சியில் கூடிய அகில இந்திய முஸ்லிம் லீக் கவுன்சில், கட்சியை இரண்டாகப் பிரித்தது. பாகிஸ்தானுக்கு லியாகத் அலி கான் அமைப்பாளர். இந்தியாவுக்கு முஹம்மது இஸ்மாயில் அமைப்பாளர்.

அன்று அவர் ஏற்றுக்கொண்டது எத்தகைய பொறுப்பு என்பதை எண்ணிப் பாருங்கள். லீக் என்ற பெயரே ஐயத்துக்கு உள்ளாகியிருந்த காலம் அது. நாட்டைப் பிரித்த கட்சியின் பெயரை இனியும் சுமக்க வேண்டுமா என்று ஆட்சியாளர் கேட்டனர். கலைத்துவிடுங்கள் என்று முஸ்லிம்களுக்குள்ளேயே பலர் வற்புறுத்தினர். வடமாநிலங்களில் கட்சி கலைந்தும் போயிற்று. அவர்களுடைய அச்சத்தை நாம் குறை கூறுவதற்கில்லை. அவர்கள் கண்ட துயரம் அத்தகையது.

1948 மார்ச் 10-ஆம் நாள் சென்னையில், இன்று இராஜாஜி மண்டபம் என்று அழைக்கப்படும் கட்டடத்தில், கவுன்சில் கூடியது. வந்தவர்கள் சிலரே. அவர்களிலும் பெரும்பாலோர் சென்னை மாகாணத்தவர். நெடிய விவாதத்துக்குப் பின், கட்சியைக் கலைப்பதில்லை. இந்திய நாட்டின் குடிமக்களாக, இந்நாட்டின் சட்டத்துக்கு உட்பட்டு, முஸ்லிம்களின் சமய, கல்வி, பண்பாட்டு, பொருளாதார நலன்களுக்காகப் பணியாற்றுவது என்று முடிவாயிற்று. இந்திய யூனியன் முஸ்லிம் லீக் பிறந்தது. இஸ்மாயில் சாகிப் அதன் தலைவரானார். உயிர் பிரியும்வரை அப்பொறுப்பில் இருந்தார்.

இம்முடிவை ஏற்பவரும் உண்டு, மறுப்பவரும் உண்டு. முஸ்லிம்கள் பொதுக்கட்சிகளிலேயே சேர வேண்டும் என்ற மௌலானா அபுல் கலாம் ஆஸாத் போன்ற மேதைகளின் கருத்தும் மதிப்புக்குரியதே. நாம் இங்கே எந்தக் கட்சிக்கும் ஆதரவு திரட்டவில்லை. ஆனால் ஒன்றை மறுக்க இயலாது. ஒளிந்துகொள்வதும் ஓடிப்போவதும் எளிதாயிருந்த நாளில், இது எங்கள் நாடு, நாங்கள் முஸ்லிம்கள், இரண்டையும் மறைக்கமாட்டோம் என்று அவர் வெளிப்படையாக நின்றார். அவ்வாறு நின்றதால் அந்நாளின் ஐயப்பார்வைகள் அனைத்தும் அவர்மீது விழுந்தன. அதையும் பொறுத்துக்கொண்டார்.

மூன்று தோல்விகள்

1948-இல் இந்திய அரசியல் நிர்ணய சபையில் இஸ்மாயில் சாகிப் உறுப்பினராகச் சேர்ந்தார். அங்கே அவர் முன்வைத்த கோரிக்கைகளில் மூன்றைக் குறிப்பிடுகிறோம். மூன்றிலும் அவர் தோற்றார்.

முதலாவது, ஷரீஅத் சட்டம் தொடர்பானது. 1948 நவம்பர் 23 அன்று பொது சிவில் சட்டம் குறித்த வரைவுப் பிரிவு விவாதத்துக்கு வந்தது. தமக்கெனத் தனிச் சட்டமுடைய எந்தச் சமூகத்தையும் அதைக் கைவிடுமாறு கட்டாயப்படுத்தலாகாது என்ற திருத்தத்தை அவர் கொண்டுவந்தார். முஸ்லிம்களுக்கு மட்டும் என்று அவர் கேட்கவில்லை. எந்தச் சமூகத்துக்கும் என்றே கேட்டார். சபை ஏற்கவில்லை. எனினும் விவாதத்துக்கு மறுமொழி கூறிய டாக்டர் அம்பேத்கர், வருங்கால நாடாளுமன்றம் அத்தகைய சட்டத்தைத் தொடக்கத்தில் விரும்பி ஏற்போருக்கு மட்டும் உரியதாகச் செய்யக்கூடும் என்று எடுத்துரைத்தார். இன்றும் இவ்விவாதம் எழும்போதெல்லாம் சட்ட அறிஞர்கள் அந்த நாளின் உரைகளைத்தான் புரட்டுகின்றனர். தோற்ற திருத்தம் ஒன்று பதிவேட்டில் இருப்பதன் பயன் இதுவே.

இரண்டாவது, தேர்தல் முறை. 1949 மே மாதம், சமயச் சிறுபான்மையினருக்கான இட ஒதுக்கீட்டைச் சட்டமன்றங்களில் நீக்கும் பரிந்துரை வந்தபோது, ஒதுக்கீடும் தனி வாக்காளர் தொகுதி முறையும் தொடர வேண்டும் என்று இஸ்மாயில் சாகிப் வாதாடினார். சர்தார் பட்டேல் கடுமையாக மறுத்துரைத்தார். முஸ்லிம் உறுப்பினரான பேகம் ஐஜாஸ் ரசூல் அவர்களே, ஒதுக்கீடு சிறுபான்மையினரைப் பெரும்பான்மையினரிடமிருந்து நிரந்தரமாகப் பிரித்துவிடும் என்று எதிர்த்துப் பேசினார். கோரிக்கை வீழ்ந்தது.

மூன்றாவது, மொழி. 1949 செப்டம்பரில் ஆட்சிமொழி விவாதத்தில், இந்திக்குப் பதிலாக, தேவநாகரி, உருது ஆகிய இரு எழுத்துகளிலும் எழுதப்படும் இந்துஸ்தானி வேண்டும் என்றார். தொன்மையைப் பேசுவதானால் தம் தாய்மொழியாகிய தமிழுக்கு அப்பெருமை உண்டு என்பதையும் அச்சபையில் எடுத்துச் சொன்னார். அதுவும் ஏற்கப்படவில்லை.

ஒவ்வொரு முறையும் முடிவு முன்கூட்டியே தெரிந்ததுதான். ஆயினும் எழுந்தார், விதிப்படி திருத்தம் கொடுத்தார், காரணங்களை வரிசையாகச் சொன்னார், எதிர்ப்புரைகளைக் கேட்டார், வாக்கெடுப்பின் முடிவை ஏற்றார். வெளியே வந்து சபையைப் பழிக்கவில்லை. அவமதிப்புக்கு அவமதிப்பால் விடை தரவில்லை.

பதவி என்பது அமானிதம், நிறைவேற்றாதவனுக்கு மறுமையில் அது கைசேதமாகும் என்று நபி (ஸல்) அவர்கள் அபூதர் (ரலி) அவர்களுக்கு எச்சரித்த செய்தியை மத்ரஸாவில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். அமானிதம் என்றால் ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருள். மக்கள் ஒருவரைச் சபைக்கு அனுப்பும்போது தங்கள் குரலை அவரிடம் ஒப்படைக்கின்றனர். வெற்றி தருவது அவர் கையில் இல்லை. அது அல்லாஹ்வின் நாட்டம். ஒப்படைக்கப்பட்ட குரலைக் குறையாமலும் கூட்டாமலும் உரிய இடத்தில் சேர்ப்பது மட்டுமே அவர் கடமை. தோற்றுவிடுவோம் என்பதற்காக வாய்மூடி இருந்திருந்தால், அது அமானிதத்தில் செய்த குறைவாகியிருக்கும். வென்றே தீருவோம் என்று கூச்சலிட்டுச் சபையைக் குலைத்திருந்தால், அதுவும் அமானிதத்தில் செய்த குறைவே.

தோற்றபின் செய்த பணி

இனி நாம் சொல்லப்போவதுதான் இவ்வரலாற்றில் சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. தனித் தொகுதி போனபின் இஸ்மாயில் சாகிப் ஒதுங்கிவிடவில்லை. 1952-இல் வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வந்தது. இனி எந்த வேட்பாளரும் எல்லாச் சமயத்தவரிடமும் வாக்குக் கேட்டாக வேண்டும். புதிய முறையில் லீகுக்குக் கிடைத்த இடங்கள் மிகக் குறைந்தன. 1956-இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது, கட்சிக்கு வலுவாயிருந்த மலபார் கேரளத்துடன் இணைந்தது. சென்னை மாநிலத்தில் லீக் மேலும் சிறியதாயிற்று.

1952 முதல் 1958 வரை அவர் மாநிலங்களவை உறுப்பினர். பின்னர் 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் கேரளத்தின் மஞ்சேரித் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நெல்லைத் தமிழர் ஒருவரை மலையாள மக்கள் மும்முறை தங்கள் பிரதிநிதியாக அனுப்பினர். வாக்குக் கேட்டு வீதிவீதியாகச் செல்லாமலே அவர் வென்றார் என்று அங்குள்ள மூத்தோர் இன்றும் சொல்லிவருகின்றனர். மொழி வேறாயிருந்தும் நம்பிக்கை இடம் பெயர்ந்து நிற்கும் என்பதற்கு இது சான்று.

பொதுத் தொகுதி முறையில் சிறிய சமூகம் எவ்வாறு தன் குரலைக் காப்பது என்ற வினாவுக்கு அவர் கண்ட விடை, பிறருடன் கைகோப்பதாகும். 1967-இல் கேரளத்தில் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் அமைந்த ஏழு கட்சி ஆட்சியில் லீக் இடம்பெற்றது. சி.எச். முஹம்மது கோயா கல்வியமைச்சரானார். 1969 ஜூன் 16 அன்று மலப்புரம் மாவட்டம் உருவாயிற்று. தமிழ்நாட்டில் அதே 1967-இல் அறிஞர் அண்ணாவுடனும் மூதறிஞர் இராஜாஜியுடனும் ஓரணியில் நின்றார். இந்தித் திணிப்பு எதிர்ப்பும் அரிசிப் பஞ்சமும் சூடேற்றியிருந்த அத்தேர்தலில் ஆட்சியே மாறியது. 1949-இல் சபையில் தனித்து நின்றவர், 1967-இல் பலருடன் சேர்ந்து நின்றார்.

அந்தத் தேர்தலில் நம் இராமநாதபுரம் தொகுதியில் நடந்தது நம் பிள்ளைகள் அறிய வேண்டியது. அவ்வணியின் ஆதரவுடன் சுயேச்சையாக நின்ற லீக் பிரமுகர் எஸ்.எம். முஹம்மது ஷெரீப் அவர்கள் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இராமநாதபுரம் தனித் தொகுதி அன்று. முஸ்லிம்கள் இங்கே சிறுபான்மையினர். ஹிந்துக்களும் கிறித்தவர்களும் வாக்களிக்காமல் எவரும் இங்கே வெல்ல இயலாது. பொதுத் தொகுதியில் முஸ்லிமின் குரல் எழாது என்பதே 1949-இல் இஸ்மாயில் சாகிப் கொண்டிருந்த அச்சம். அந்த அச்சத்துக்கு ஒரு பகுதி விடையை, பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின், அவரே அமைத்த கூட்டணி நம் தொகுதியில் தந்தது. இதைக் கொண்டு அவருடைய அச்சம் முற்றிலும் பொய் என்று சொல்லிவிட இயலாது. சட்டமன்றங்களில் நம்மவர் எண்ணிக்கை குறித்த கவலை இன்றும் உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் தமக்கு விருப்பமில்லாத விதியின் கீழும் நேர்மையாக உழைத்து நன்மை பெற முடியும் என்பதை அவர் செய்து காட்டினார்.

ஹுதைபிய்யா உடன்படிக்கையை இங்கே நினைவுகூர்கிறோம். நபி (ஸல்) அவர்களுடன் எவரையும் ஒப்பிடுவது நம் கருத்தன்று. பாடம் பெறுவதே கருத்து. ஹிஜ்ரி 6-ஆம் ஆண்டில் அவ்வுடன்படிக்கை எழுதப்பட்டபோது அதன் நிபந்தனைகள் தோல்வியாகவே தோன்றின. அருமைத் தோழர்கள் மனம் நொந்தனர். ஆனால் அந்த அமைதிக் காலத்தில்தான் மக்கள் ஒருவரோடொருவர் கலந்து பேசினர்; உள்ளங்கள் திறந்தன; இரண்டே ஆண்டுகளில் மக்கா வெற்றி கிட்டியது. வெளிப்பார்வைக்குப் பின்வாங்கலாகத் தோன்றுவது எப்போதும் பின்வாங்கல் ஆகாது.

கச்சத்தீவும் நம் கடற்கரையும்

காயிதே மில்லத் அவர்கள் 1972 ஏப்ரல் 5-ஆம் நாள் சென்னையில் வஃபாத்தானார்கள். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் நல்லடக்கம் செய்யப்பட்டார்கள். அவர் வகுத்த வழி அவருக்குப் பின் எவ்வாறு நின்றது என்பதற்கு நம் கரையிலேயே ஒரு சான்று உண்டு.

பாம்பன், அக்காள்மடம், தங்கச்சிமடம், இராமேசுவரம் என்று இத்தீவில் வாழும் எவருக்கும் கச்சத்தீவைப் பற்றி விளக்கத் தேவையில்லை. 285 ஏக்கர் பரப்புள்ள அத்தீவு இலங்கைக்கு உரியது என்று ஒப்புக்கொள்ளும் உடன்பாடு 1974 ஜூனில் கையெழுத்தாயிற்று. அடுத்த மாதம் மக்களவையில் அரசு அதை அறிவித்தபோது எதிர்ப்புக் குரல் எழுப்பியோரில் இருவர் நம் கவனத்துக்கு உரியவர். ஒருவர் அன்றைய இராமநாதபுரம் உறுப்பினர் பி.கே. மூக்கையா தேவர். மற்றவர், முன்னர் இராமநாதபுரத்தின் உறுப்பினராயிருந்து, 1971-இல் பெரியகுளத்திலிருந்து லீக் சார்பில் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த முஹம்மது ஷெரீப் அவர்கள்.

ஷெரீப் சாகிப் அவர்களுக்கு அப்போது இராமநாதபுரம் தொகுதி இல்லை. கச்சத்தீவுக் கடலில் வலை வீசியவர்களில் மிகப் பலர் கிறித்தவ மீனவர். அத்தீவில் இருப்பது அந்தோணியார் ஆலயம். இது முஸ்லிம்களின் சிக்கல் அன்று என்று அவர் இருந்துவிட்டிருக்கலாம். ஒருகாலத்தில் தம்மைத் தேர்ந்தெடுத்த மக்களின் வாழ்வாதாரம் என்பதால் எழுந்து பேசினார். அன்றும் முடிவு மாறவில்லை. 1976 உடன்பாட்டுக்குப் பின் அந்த எல்லைக்கு அப்பால் மீன்பிடிக்கும் வாய்ப்பும் போயிற்று. அதன் விளைவை இத்தீவின் படகுக் குடும்பங்கள் இன்றும் சுமக்கின்றன. ஆனால் அந்நாளில் நம் சார்பில் பேசப்பட்டது என்பது பதிவேட்டில் நிற்கிறது. சமுதாயத்தின் பெயரால் சபைக்குச் சென்ற ஒருவர், சமய எல்லை கடந்து அண்டை வீட்டாரின் உரிமைக்காகப் பேசினார். அண்டை வீட்டாரின் உரிமை எத்துணைக் கனமானது என்பதை நம் மார்க்கம் நமக்கு எவ்வளவோ வலியுறுத்தியிருக்கிறது.

நமக்குரிய படிப்பினைகள்

அன்பிற்குரிய பெற்றோரே! இவ்வரலாற்றிலிருந்து மூன்று செய்திகளை உங்கள் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

ஒன்று, அரசியலை அசுத்தம் என்று ஒதுக்குவது பேணுதல் ஆகாது. நம் வக்ஃபு நிலம், பிள்ளைகளின் கல்வி உதவித்தொகை, மீனவரின் டீசல் மானியம், பாம்பன் பாலம் என நம் அன்றாடத்தைத் தொடும் எத்தனையோ காரியங்கள் சபைகளில்தான் முடிவாகின்றன. நாம் செல்லாத சபையில் நம்மைப் பற்றிப் பிறர் முடிவெடுப்பர்.

இரண்டு, பதவியைத் தேடி ஓடுபவனிடம் அதைக் கொடுக்கலாகாது என்ற நபிவழிப் பாடத்தை வாக்களிக்கும்போது நினைவில் கொள்ளுங்கள். வேட்பாளர் நம் பெயரைத் தாங்கியிருப்பது மட்டும் போதாது. சபையில் எழுந்து பேசுவாரா, பேசுவதைப் படித்துத் தெளிந்து பேசுவாரா, வரும் பொருளுக்கு விலைபோகாதிருப்பாரா என்று கேளுங்கள். ஜமாஅத் நிர்வாகியைத் தேர்ந்தெடுப்பதிலும் இதே அளவுகோலைக் கையாளுங்கள்.

மூன்று, தோல்வி கண்டு துவளாதிருக்கக் கற்றுக்கொடுங்கள். காயிதே மில்லத் அவர்கள் கேட்டவற்றுள் பெரும்பாலானவை கிடைக்கவில்லை. அவர் கேட்டவை யாவும் சரியென்று நாம் ஒப்புக்கொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் கேட்கும் முறையில் அவர் தவறவில்லை. கேட்டது மறுக்கப்பட்ட பின்னும் இந்நாட்டோடும் இம்மக்களோடும் கொண்ட உறவை அவர் முறித்துக்கொள்ளவில்லை. எதிர்த்தவரும் அவரைக் கண்ணியத்திற்குரியவர் என்று அழைத்தனர். எந்தப் பதவியாலும் பெற இயலாத பட்டம் அது.

வல்ல நாயன் அல்லாஹ், மர்ஹூம் காயிதே மில்லத் அவர்களின் பிழைகளைப் பொறுத்து, நற்பணிகளை ஏற்று, அன்னாரின் கப்றை ஒளிமயமாக்குவானாக! ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களை உரிய முறையில் நிறைவேற்றும் மக்களாக நம்மையும் நம் சந்ததிகளையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.